மலை காப்பாற்றாது!

 

நூஹ் (அலை) அவர்களின் மகனுடைய வரலாறு நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்ட வரலாறு. வானம் திறந்து கொட்டுகிறது. பூமி ஊற்றெடுத்துப் பொங்குகிறது. தந்தை கப்பலில் இருந்து அழைக்கிறார். மகன் ஏற மறுக்கிறான். பக்கத்தில் ஒரு மலை இருக்கிறது, அதில் ஏறிவிட்டால் தண்ணீர் தன்னைத் தொடாது என்பது அவன் போட்ட கணக்கு. இருவருக்கும் இடையே ஓர் அலை புகுந்தது. கணக்கு அத்தோடு முடிந்தது.

இந்த வரலாற்றை நாம் இறைநம்பிக்கைக்கான பாடமாக மட்டுமே சொல்லி வந்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் அதற்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. எச்சரிக்கை வந்த பிறகும், "இது நமக்கு வராது, நாம் உயரத்தில் இருக்கிறோம்" என்று அலட்சியமாக இருப்பவனின் கதையும் அதுவே. அந்த மகனின் கணக்கை நம் பழனி மலைத் தொடரில் நாமே போட்டோம். எண்பது ஆண்டுக்கு முன்பல்ல. 2018 நவம்பர் மாதத்தில் போட்டோம்.

கடலுக்கு வந்தது, மலைக்கும் வந்தது

கஜா புயலை நினைவுபடுத்திப் பாருங்கள். வங்கக் கடலில் உருவான அந்தக் காற்றழுத்தத்திற்கு நவம்பர் 11 அன்று புயல் என்று பெயர் சூட்டப்பட்டது. நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 110 முதல் 120 கிலோ மீட்டர் வேகக் காற்று. முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் வேதாரண்யமும் சின்னாபின்னமாயின. லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பிள்ளையைப் போல் வளர்த்த தோப்பு ஒரே இரவில் விறகுக் காடானதைப் பார்த்து விவசாயிகள் கதறியதை நாம் மறக்கவில்லை. தமிழகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின.

ஆனால் கஜா அங்கேயே நிற்கவில்லை. புதுக்கோட்டையைத் தாண்டி, திண்டுக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, பழனி மலைகளில் மோதி, கேரளம் வழியாக அரபிக்கடலை நோக்கிப் போனது. கொடைக்கானல் மலைப்பாதைகளில் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கொடைக்கானலை அடுத்த சின்னப்பள்ளத்தில் மண் சரிந்தது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து அங்கே தங்கியிருந்த நான்கு தொழிலாளர்கள் அந்த மண்ணுக்குள் புதைந்து போனார்கள்.

சகோதரர்களே, அந்த நால்வரும் கடலோரவாசிகள் அல்லர். மீனவர்கள் அல்லர். கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரத்தில் நிற்கும் ஊரில் கூலி வேலைக்கு வந்தவர்கள். ஒரு புயல் தங்களைத் தேடி மலையேறி வரும் என்று அவர்களிடம் யார் சொன்னது? சொல்ல வேண்டிய கடமை யாருக்கு இருந்தது?

இந்தத் தலையங்கம் எழுதப்படுவது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

கூண்டு ஏறியது, யார் பார்த்தது?

புயல் எச்சரிக்கை என்றாலே நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது துறைமுகத்தில் ஏற்றும் கூண்டுதான். நாகையில் இத்தனையாம் எண் கூண்டு, பாம்பனில் இத்தனையாம் எண் கூண்டு என்று செய்தி வாசிப்பார்கள். கூண்டு கப்பலுக்கும் படகுக்கும் உரிய அடையாளம். நாகையில் ஏற்றிய கூண்டு கொடைக்கானல் ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்பவனுக்குத் தெரியுமா? மன்னவனூரில் பூண்டு அறுப்பவனுக்குத் தெரியுமா?

தெரியாது. அதனால் புயல் என்பது கடற்கரைக்காரன் கவலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போய்விட்டது. "நமக்கென்ன, நாலு தூறல் போடும், குளிர் கொஞ்சம் கூடும்" என்று மலையில் உள்ளவர்கள் பேசிக் கொள்வார்கள்.

உண்மை என்ன? கரையைக் கடந்ததும் புயலின் காற்று வலுவிழக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது சுமந்து வரும் ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. கிழக்கிலிருந்து வரும் அந்த ஈரக்காற்று மலைச்சரிவில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது. குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. சமவெளியில் பரவிப் பெய்ய வேண்டிய மழையைச் சரிவு தன் மீது வாங்கிக் கொள்கிறது. ஏற்கனவே வடகிழக்குப் பருவமழையில் ஊறிக் கிடக்கும் மண் அதைத் தாங்காது. அந்தச் சரிவை வெட்டி விடுதி கட்டியிருந்தால், சோலைக்காட்டையும் புல்வெளியையும் அழித்துச் சீகையும் யூகலிப்டசும் பைனும் நட்டிருந்தால், ஓடையை மறித்து வழி போட்டிருந்தால், கேட்கவே வேண்டாம்.

இது கஜாவோடு முடிந்த கதையும் அல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஏழு பேரைப் பலி கொண்டது. அவர்களில் ஐவர் குழந்தைகள். கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிகம் இழந்தது கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்கள். தேயிலை மலைகளில் உழைக்கும் தமிழரும் அங்கே வாழும் முஸ்லிம்களும் ஒரே மண்ணுக்கடியில் உறவுகளைத் தேடினார்கள்.

கடலில் பிறக்கும் புயல் மலையில் கொல்கிறது. இதை நம் ஊர்க் குழந்தைக்கும் சொல்லி வைக்க வேண்டிய காலம் இது.

ஐந்து நாட்கள், இருபத்தைந்து வக்துகள்

சுழல்காற்று என்று ஒன்று இருக்கிறது. வானத்திலிருந்து தூணைப் போல் இறங்கி, ஒரு தெருவை மட்டும் துடைத்துவிட்டுப் போகும். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் இறங்கிய ஒரு சுழல்காற்று சுமார் ஆயிரத்து முந்நூறு பேரைக் கொன்றது. இத்தகைய காற்று அடிக்கடி வீசும் அமெரிக்காவில் மக்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை நேரம் சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டியதே. அந்தப் பத்து நிமிடத்தில் ஊரெங்கும் சங்கு ஒலிக்கிறது, மக்கள் நிலவறைக்குள் ஓடிப் பிழைக்கிறார்கள்.

நமக்குக் கிடைத்தது பத்து நிமிடமா? ஐந்து நாட்கள்! நவம்பர் 11இல் பெயர் வைக்கப்பட்ட புயல் 16இல்தான் வந்தது. கரையைக் கடந்து தமிழகத்தின் குறுக்கே நடந்து அரபிக்கடலில் இறங்கும் என்பதையும் வானிலை ஆய்வு மையம் முன்னரே சொல்லியிருந்தது. பள்ளிக்கூட வரைபடத்தில் நாகப்பட்டினத்திலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். குறுக்கே நிற்பது எது? பழனி மலைத் தொடர்தானே!

கடற்கரை மாவட்டங்களில் அந்த ஐந்து நாட்களும் வீணாகவில்லை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்த ஏற்பாடு இல்லையென்றால் பலி எத்தனை மடங்கு பெருகியிருக்குமோ, அல்லாஹ்வே அறிவான். நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கக் கூடாது.

மலையில் என்ன நடந்தது? ஐந்து நாட்கள் என்றால் இருபத்தைந்து வக்துகள். மலையிலும் அடிவாரத்திலும், வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும் பழனியிலும் இருக்கும் நம் பள்ளிவாசல்களில் இருபத்தைந்து முறை பாங்கு ஒலித்தது. அந்த இருபத்தைந்தில் ஒரு முறையாவது, "புயல் இந்தப் பக்கம் வருகிறது, சரிவில் குடியிருப்போர் இறங்கி வந்து விடுங்கள்" என்று எத்தனை ஒலிபெருக்கிகள் சொல்லின?

பிறரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. இதை எழுதுபவனும் அந்தக் குற்றத்தில் பங்குள்ளவன்தான். அது ரபீஉல் அவ்வல் மாதம். அந்த வாரத்தில் அடிவார ஊர் ஒன்றில் நபிகளாரின் வாழ்க்கை வரலாறு குறித்து மேடையேறி ஒன்றரை மணி நேரம் பேசினேன். அண்டை வீட்டாரின் உரிமை பற்றியும் பேசினேன். வந்து கொண்டிருந்த காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் முடிந்து மலைக்குத் திரும்பிய வண்டிகளில் எத்தனை பேர் இருந்தார்கள்! அவர்களிடம் ஒரு வரி சொல்லி அனுப்பியிருந்தால் அது மலையேறிப் போயிருக்கும். அடுத்த வாரம் சின்னப்பள்ளத்துச் செய்தியைப் படித்தபோது, நான் பேசிய ஒன்றரை மணி நேரம் என்னையே பார்த்துக் கேள்வி கேட்டது.

பாங்கிலேயே இருந்த அறிவிப்பு

"பள்ளிவாசல் ஒலிபெருக்கி பாங்குக்கும் பயானுக்கும்தான், மழைக்கும் காற்றுக்கும் எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையோடு ஒன்றை நினைவூட்டுகிறோம். கடுங்குளிரும் மழையும் உள்ள இரவுகளில், மக்கள் தங்கள் இருப்பிடங்களிலேயே தொழுது கொள்ளட்டும் என்று அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. தொழுகைக்கு அழைக்கும் அதே குரல், வானிலை மோசமானால், "வெளியே வராதீர்கள்" என்றும் அழைத்தது. அந்தச் சுன்னத்தை விட்டுவிட்டு வேறு எந்தச் சுன்னத்தைப் பற்றி நாம் பெருமை பேசப் போகிறோம்?

சுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட ஓர் எறும்பின் வரலாற்றையும் குர்ஆன் சொல்கிறது. அந்த எறும்பு என்ன செய்தது? தான் மட்டும் பொந்துக்குள் ஓடி ஒளியவில்லை. தன் இனத்தைக் கூவி அழைத்தது. எங்கே போக வேண்டும் என்று சொன்னது. போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னது. ஒரு நல்ல எச்சரிக்கைக்கு இதைவிட இலக்கணம் வேண்டுமா? ஆபத்து என்ன, எங்கே போவது, போகாவிட்டால் என்ன ஆகும்! இன்று வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் சொல்கிறது. நிறம் போதாது. "சிவப்பு" என்று கேட்ட கூலித் தொழிலாளி எங்கே போவான்? அதைச் சொல்வதற்கு அவன் பக்கத்தில் இருக்கும் மனிதன்தான் வேண்டும்.

"எல்லாம் விதிப்படி நடக்கும்" என்பாரும் உண்டு. விதியை நம்புவது நம் ஈமானின் ஒரு பகுதி. ஆனால் உமர் (ரலி) அவர்களைவிட விதியை நம்பியவர்களா நாம்? ஷாமில் கொள்ளை நோய் பரவியிருக்கிறது என்று வழியில் செய்தி கிடைத்ததும், அவர்கள் படையோடு திரும்பினார்கள். "அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?" என்ற பொருள்பட அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்று உணர்த்தினார்கள். செய்தி வந்தது, ஆலோசித்தார்கள், முடிவெடுத்தார்கள், மக்களைக் காத்தார்கள். எச்சரிக்கையும் அல்லாஹ் ஏற்படுத்திய காரணங்களில் ஒன்று. அதைப் புறக்கணிப்பதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்காதீர்கள்.

வங்கதேசம் காட்டும் வழி

1970 நவம்பரில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை ஒரு புயல் தாக்கியது. மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. புயல் வருவது தெரியாமல் போனதல்ல அங்கே பெரிய குறை. தெரிந்த செய்தி தீவுகளிலும் குப்பங்களிலும் இருந்த ஏழைக்குப் புரியும்படி போய்ச் சேரவில்லை.

அந்த மண்ணில் 1972இல் செம்பிறைச் சங்கத்தின் துணையோடு புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊர்தோறும் தொண்டர்கள். கையில் ஒலிபெருக்கி, ஏற்றுவதற்குக் கொடி. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் அந்தப் பணியில் இணைந்தன. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். வீட்டுக்குள் இருக்கும் தாய்மாருக்குச் செய்தி சேர வேண்டும் என்றால் பெண்களே போக வேண்டும் என்று அவர்கள் அனுபவத்தில் கற்றார்கள். 1991இல் மீண்டும் ஒரு பெரும் புயல் லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு போனது. அவர்கள் சோர்ந்து விடவில்லை. மேலும் முகாம்களைக் கட்டினார்கள், மேலும் தொண்டர்களைச் சேர்த்தார்கள். 2007 சிதர் புயலில் பலி மூவாயிரத்தைத் தாண்டியது. 2020 அம்பன் புயலின்போது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். அந்நாட்டில் பலி முப்பதுக்குள் நின்றது. எல்லாப் புயலும் ஒரே வலுவுடையதல்ல என்பது உண்மை. ஆனால் இந்த எண்கள் இறங்கிய விதத்தைப் பாருங்கள்! பணக்கார நாடல்ல அது. மனிதன் மனிதனிடம் ஓடிப் போய்ச் சொன்னதால் காக்கப்பட்ட உயிர்கள் இவை.

மாறாக, செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குமரி மாவட்டமே சாட்சி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வேகமாக வலுத்தது. எச்சரிக்கை வருவதற்குள் ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவர்களை அது எட்டவே இல்லை. திரும்பி வராத தகப்பன்மாரை இன்றும் எதிர்பார்த்திருக்கும் வீடுகள் அந்தக் கரையில் உண்டு.

வணிகப் பெருமக்களே!

செய்தி யாரிடம் முதலில் வருகிறது? உங்களிடம்தான். பூம்பாறைப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது. மலைக் காய்கறி ஒட்டன்சத்திரம் இறங்குகிறது. லாரி எங்கே நிற்கிறது, எந்தப் பாதை அடைபட்டது, தஞ்சைப் பக்கம் காற்று எப்படி என்பது அரசு அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன் உங்கள் கைப்பேசிக்குத் தெரியும். சரக்கைக் காப்பாற்ற அந்தச் செய்தியைப் பயன்படுத்துகிறீர்கள். தவறில்லை. அதே செய்தியை மூட்டை தூக்குபவனுக்கும் சொன்னீர்களா?

விடுதி நடத்துவோரே, வாடகை வண்டி ஓட்டுவோரே, கடை வைத்திருப்போரே! புயல் செய்தியை வெளியே விட்டால் சுற்றுலாப் பயணி வராமல் போவான், அறை காலியாகும் என்று நாவை அடக்கிக் கொள்வது வியாபாரத் தந்திரம் அல்ல. பழுதை மறைத்துப் பொருளை விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. வரப் போகும் ஆபத்தை மறைத்து அறையை விற்பது எந்தக் கணக்கில் சேரும்? இரண்டு நாள் வியாபாரம் போனால் அல்லாஹ் வேறு வழியில் தருவான். மண்ணுக்குள் போன உயிருக்கு நீங்கள் என்ன பதில் தருவீர்கள்?

புயலுக்கு மறுநாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் இல்லாத ஊரில் மெழுகுவர்த்திக்கும் பாலுக்கும் தண்ணீர் கேனுக்கும் விலை ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த லாபம் பரக்கத்தைத் தராது. அன்று அடக்க விலைக்கு விற்ற கடையை ஊர் ஒரு தலைமுறைக்கு நினைவில் வைத்திருக்கும்.

கட்டடம் கட்டுவோருக்கும் சொல்ல வேண்டும். கொடைக்கானலின் அனுமதியில்லாக் கட்டடங்கள் பற்றிய வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போனதை நீங்கள் அறிவீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வெட்டிய சரிவுக்குக் கீழே கூலியாட்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுப்பவர்கள், அதே கொட்டகையில் தங்கள் பிள்ளையை ஒரு மழை இரவு தூங்க வைப்பார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கட்டுங்கள்.

இளைஞர்களே!

உங்களைக் குறை சொல்ல நாவு எழவில்லை. 2004 சுனாமியில் நாகைக் கடற்கரையில் மற்றவர்கள் நெருங்கத் தயங்கிய உடல்களை மதம் பார்க்காமல் தூக்கி அடக்கம் செய்த கைகள் இந்தச் சமுதாயத்தின் கைகள். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்களைத் திறந்து எல்லோருக்கும் சோறு போட்ட கைகள். கஜாவுக்குப் பின் டெல்டாவுக்கு லாரி லாரியாகப் பொருள் கொண்டு போன கைகள். கொரோனாவில் பெற்ற பிள்ளையே தொட அஞ்சிய உடல்களை அடக்கம் செய்த கைகள்.

அல்லாஹ் அந்தக் கைகளுக்கு நற்கூலி வழங்குவானாக! ஆனால் ஒன்று கேட்கிறோம். புயலுக்குப் பின் முதல் ஆளாக ஓடும் நாம், புயலுக்கு முன் ஏன் ஓடுவதில்லை? உடலைத் தூக்கத் தெரிந்த கைகளால் உயிரோடு இருப்பவனின் தோளைத் தட்டி எழுப்ப முடியாதா? சின்னப்பள்ளத்து நால்வருக்குத் தேவைப்பட்டது நிவாரணப் பொட்டலம் அல்ல. முந்தின நாள் மாலையில் கதவைத் தட்டும் ஒரு மனிதன்!

அந்த மனிதனாக இருங்கள். செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து பேர் கொண்ட எச்சரிக்கைக் குழு அமையுங்கள். ஒருவர் வானிலை மையத்தின் அறிவிப்பை மட்டும் காலையும் மாலையும் பார்ப்பவராக இருக்கட்டும். தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியும் கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஊர்பேர் தெரியாத குரல்பதிவை ஒருபோதும் பரப்பாதீர்கள். செய்தியைத் தீர விசாரிப்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. ஒரு பொய் எச்சரிக்கை அடுத்த உண்மை எச்சரிக்கையைக் கொன்றுவிடும்.

இரண்டு: பட்டியல் எடுங்கள். சரிவுக்குக் கீழே, ஓடைக்கரையில், தகரக் கொட்டகையில் யார் யார் இருக்கிறார்கள்? வடமாநிலத் தொழிலாளி எத்தனை பேர்? பளியர் குடியிருப்புக்குச் செய்தி கொண்டு போவது யார்? முஸ்லிம் வீடுகளை மட்டும் எண்ணிவிட்டு வந்தால் அது இஸ்லாமியப் பணி அல்ல. மண் சரியும்போது பெயர் கேட்டுச் சரிவதில்லை.

மூன்று: முத்தவல்லியையும் இமாமையும் சந்தித்துப் பள்ளியின் ஒலிபெருக்கியை இந்தப் பணிக்குக் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருந்தாலும் பொது அவசர காலத்துக்கு ஒலி மாசு விதியிலேயே விலக்கு உண்டு. பின்னால் வீண் வழக்கு வராமல் இருக்கக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வையுங்கள். கோயில் நிர்வாகத்தையும் தேவாலயத்தையும் கூட அழைத்துக் கொள்ளுங்கள். மூன்று ஒலிபெருக்கிகளும் ஒரே செய்தியைச் சொன்னால் ஊர் எழுந்து கொள்ளும்.

நான்கு: பள்ளியின் மாடியில் ஒரு மழைமானி வையுங்கள். பெரிய செலவில்லை. கேரளத்தின் வயநாட்டில் ஹ்யூம் மையம் என்ற அமைப்பு மக்களைக் கொண்டே இருநூறு மழைமானிகளைப் போல் வைத்து அளந்து வந்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போவதற்கு முந்தின நாளே, நிலச்சரிவு அபாயம் உண்டு என்று அது சொன்னது. செய்தி இருந்தது. செய்திக்கும் உறங்கும் வீட்டுக்கும் இடையில்தான் ஆள் போதவில்லை.

ஐந்து: 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு பள்ளியின் ஒளூச் செய்யும் இடத்திலும், ஒவ்வொரு கடையின் கல்லாவுக்கு மேலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆட்சியாளர்களிடம் கேட்போம்

நம் கடமையைச் செய்வதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது. கொடைக்கானல் மலை மீது 1899 முதல் சூரியனை ஆராயும் ஆய்வகம் இருக்கிறது. பதினைந்து கோடி கிலோ மீட்டர் தூரத்துச் சூரியனின் புள்ளியை அளக்கும் மலையில், அடுத்த வளைவில் மண் சரியப் போகிறது என்று தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் கூக்காலுக்கும் சொல்லும் சங்கு ஏன் இருக்கக் கூடாது?

2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வருவோர் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுத்தார்கள். அப்படியென்றால் எந்த நாளில் எத்தனை வண்டி மலையேறுகிறது என்ற கணக்கும் அவர்களின் கைப்பேசி எண்ணும் அரசிடம் சேர்கின்றன. கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கேட்கும் எண்ணை உயிரைக் காக்கவும் பயன்படுத்தச் சொல்வோம். ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் பாதுகாப்பான தங்குமிடம் எது என்று பலகை வைக்கச் சொல்வோம். கட்டுமான இடங்களில் தங்கியுள்ள தொழிலாளரை அப்புறப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேட்போம்.

அதற்கு வழி இருக்கிறது. அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னர் வரும் சபை அது. அங்கே போய் உட்காருங்கள், தீர்மானம் கொண்டு வாருங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். வெள்ளம் வந்த பின் கோஷம் போடுவதைவிட, மேகம் வரும் முன் ஒரு தீர்மானம் போடுவது பெரிய அரசியல்.

சகோதரர்களே! மேகமும் காற்றும் எழும்போது நபி (ஸல்) அவர்களின் முகத்தில் கவலை தெரியும் என்றும், நிலைகொள்ளாமல் உள்ளேயும் வெளியேயும் நடப்பார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆது சமுதாயம் தன்னை நோக்கி வந்த மேகத்தைக் கண்டு மழை வருகிறது என்று மகிழ்ந்ததே, அந்த நினைவு அவர்களை வாட்டியது. உலகுக்கே அருட்கொடையாக வந்தவர்கள் மேகத்தைக் கண்டு மக்களுக்காகக் கவலைப்பட்டார்கள். நாம் கைப்பேசியில் சிவப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

இனி ஒரு புயலுக்குப் பெயர் வைக்கப்படும்போது, மலையில் இருக்கும் ஒவ்வொரு சகோதரரும் தம்மை ஒன்று கேட்டுக் கொள்ளட்டும்: இந்தச் செய்தி தெரியாத ஒருவன் என் தெருவுக்குக் கீழே இருக்கிறானா? இருந்தால், இஷாத் தொழுகைக்குப் பின் வீட்டுக்குப் போகாதீர்கள். முதலில் அவன் கதவைத் தட்டுங்கள்.

மலை காப்பாற்றாது. அல்லாஹ் நாடினால், மனிதனைக் கொண்டு மனிதனைக் காப்பாற்றுவான். அந்த மனிதர்களாக நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.